எம்எல்ஏ கட்சியை விட்டு விலகினால் சுயேச்சையாக உட்கார முடியுமா?

டீக்கடை பெஞ்சு
எனக்கும் என் பெரியப்பாவுக்கும் ஐந்நூறு ரூபாய் பந்தயம். அவர் சொல்கிறார்: “எம்எல்ஏவுக்குக் கட்சி பிடிக்கவில்லையா, தலைமைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சக் காலத்துக்கு சுயேச்சையாக உட்கார்ந்துகொள்ளலாம். 94-95 வாக்கில் அப்படி உட்கார்ந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன்.” விலகிய அன்றே பதவி போய்விடும் என்பது என் வாதம். கூகுளில் தேடினால் தலை சுற்றுகிறது. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது நேராகப் பதில் சொல்லுங்களேன். ஆமா, இல்லை போதும்.

பழைய வக்கீல்
ஆமா, இல்லை என்று சொல்லி முடிக்க முடிந்தால் நாங்களெல்லாம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் அலைய வேண்டியதில்லை தம்பி.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை. 1985-ல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52-வது திருத்தத்தில் சேர்ந்தது. நியமன உறுப்பினர்களை விட்டுவிட்டால் மூன்று வகை ஆட்களை அது பிடிக்கிறது. கட்சிச் சின்னத்தில் ஜெயித்துவிட்டு, கட்சி உறுப்பினர் பொறுப்பைத் தானாகவே விட்டுவிடுகிறவர் முதல் வகை. கொறடா உத்தரவை, அதாவது சபையில் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் உத்தரவை, மீறி ஓட்டுப் போடுகிறவர் அல்லது ஓட்டுப் போடாமல் நழுவுகிறவர் இரண்டாவது வகை; கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் இவர் தப்பலாம். சுயேச்சையாக ஜெயித்துவிட்டு ஒரு கட்சியில் சேர்கிறவர் மூன்றாவது.

முதல் வகையை இன்னொரு தடவை படியுங்கள். “வேறு கட்சிக்குப் போனால்” என்று அதில் இல்லை. விட்டாலே போதும். தாவல் என்று பேர் வைத்துவிட்டதால், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் குதித்தால்தான் குற்றம் என்று நினைக்கிறோம். மரத்தை விட்டு இறங்கித் தரையில் நின்றாலும் சட்டத்துக்கு அதே குற்றம்தான். அந்த வகையில் பெரியப்பா தோற்றார்.

நீங்களும் ஜெயிக்கவில்லை. “அன்றே பதவி போய்விடும்” என்பது கிடையாது. யாராவது மனு கொடுக்க வேண்டும், சபாநாயகர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், இவர் விளக்கம் சொல்ல அவகாசம் கேட்பார், அப்புறம் விசாரணை. தீர்ப்பு வரும்வரை அவர் எம்எல்ஏதான், சம்பளம் உட்பட. மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

நிலவன்77
அப்படியென்றால் நாம் தேர்ந்தெடுப்பது பிரதிநிதியையா, கட்சிக்கு ஒரு கைதூக்கியையா? மனசாட்சிப்படி கட்சியை விட்டு வெளியே வந்து, யார் பக்கமும் சாயாமல் தனியாக நிற்கிறவனுக்கும், பெட்டி வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சிக்கு ஓடுகிறவனுக்கும் ஒரே தண்டனை. என்ன நியாயம் இது?

அரைக்கை சட்டை
நிலவன், மனசாட்சிப்படி வெளியே வந்த எம்எல்ஏ யாராவது ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் நியாயம் பேசலாம். இந்தச் சட்டம் எதற்கு வந்தது என்பதை மறந்துவிட்டீர்கள். 1967-ல் ஹரியானாவில் கயாலால் என்று ஒருவர். அவரும் சுயேச்சையாக ஜெயித்தவர்தான். காங்கிரசில் சேர்ந்து, இரண்டே வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். ஆயாராம் கயாராம் என்ற பட்டப்பேரே அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் எத்தனை மாநில அரசுகள் இப்படிக் கவிழ்ந்தன என்று பார்த்தால், 1985-ல் இந்தச் சட்டம் வந்ததே தாமதம் என்பேன்.

டீக்கடை பெஞ்சு
வக்கீல் சார், பெரியப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். “அப்போ 94-ல் நடந்தது என்ன, கனவா?” என்கிறார். அவர் ஞாபகத்தைக் குறைத்து எடை போட முடியாது, 71 தேர்தலில் எங்கள் வார்டில் விழுந்த ஓட்டுக் கணக்கை இன்றைக்கும் ஒப்பிப்பார்.

பழைய வக்கீல்
கனவு இல்லை. அவர் படித்த செய்தி உண்மை. ஆனால் அவர்கள் கடிதம் கொடுத்துவிட்டு விலகியவர்கள் இல்லை, கட்சி நீக்கியவர்கள். மொத்த விஷயமும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

1991 தேர்தலில் அதிமுக சின்னத்தில் ஜெயித்த ஜி. விசுவநாதன், அழகு திருநாவுக்கரசு ஆகிய இருவரை 1994 தொடக்கத்தில் கட்சி நீக்கியது. நீக்கியதும் அவர்கள் எங்கே உட்கார்வது என்ற கேள்வி வந்தது. அவர்களை எந்தக் கட்சியையும் சாராத உறுப்பினர்கள் என்று சபாநாயகர் அறிவித்தார். பெரியப்பா ஞாபகத்தில் இருப்பது இந்த அறிவிப்பாகத்தான் இருக்கும். பிறகு அவர்கள் மதிமுகவில் சேர்ந்துவிட்டார்கள் என்று புகார் வந்தது, 1995-ல் இருவரையும் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

அவர்கள் வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. “நாங்களாக விடவில்லை, கட்சிதான் விரட்டியது. விரட்டிய பிறகு எங்களுக்குக் கட்சியே இல்லை. இல்லாத கட்சியை எப்படி விட முடியும்?” 1996-ல் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. யார் சின்னத்தில் நின்று ஜெயித்தாயோ, அந்தக் கட்சியைச் சேர்ந்தவனாகவே சட்டம் உன்னைக் கருதும்; கட்சி நீக்கினாலும் அந்தக் கருத்து மாறாது; இன்னொரு கட்சியில் சேர்ந்த நிமிடம் பழைய கட்சியைத் தானாக விட்டவன் ஆகிறாய் என்றது. கட்சி சாராதவர் என்ற வகையே பத்தாவது அட்டவணையில் கிடையாது என்றும் சொல்லிவிட்டது.

ஆக நம் நாட்டில் கட்சிச் சின்னத்தில் ஜெயித்த ஒரு எம்எல்ஏ பதவிக்காலத்தின் நடுவில் சுயேச்சை போல உட்கார ஒரே வழிதான். கட்சியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும், தள்ளிய பிறகு வேறு எங்கும் சேராமல் சும்மா இருக்க வேண்டும். அப்போதும் ஏட்டில் அவர் பழைய கட்சிதான்.

இன்னொரு சிக்கலும் பாக்கி இருக்கிறது. நீக்கப்பட்டவரைப் பழைய கட்சியின் கொறடா உத்தரவு கட்டுப்படுத்துமா? 2010-ல் சமாஜ்வாதி கட்சி அமர் சிங்கையும் ஜெயப்பிரதாவையும் நீக்கியபோது இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2016-ல், அவர்கள் பதவிக்காலம்தான் முடிந்துவிட்டதே என்று பதில் சொல்லாமலே முடித்துவிட்டார்கள்.

அரைக்கை சட்டை
அதனால்தான் அதிருப்தி கோஷ்டிக்காரர்கள் எல்லாரும் “முடிந்தால் என்னை நீக்கிப் பாருங்கள்” என்று மைக்கில் சவால் விடுகிறார்கள். வீரம் என்று நினைத்தேன். விண்ணப்பம் போலிருக்கிறது.

பழைய வக்கீல்
விண்ணப்பமேதான். தலைமைக்கும் இது தெரியும் என்பதால் சில சமயம் நீக்காமல் வைத்துக் காய்ச்சுவார்கள். நீக்கிவிட்டால் அவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார் இல்லையா?

கடைசி இருக்கை
இந்த மன்றத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்தத் தலைப்பில் மட்டும் சொல்ல ஏதோ இருக்கிறது.

கட்சியால் நீக்கப்பட்ட ஒரு எம்எல்ஏவிடம் உதவியாளராக இருந்தவன் நான். ஆளையும் கட்சியையும் ஊரையும் கேட்காதீர்கள். நீக்கிய செய்தி எங்களுக்கே டிவியில்தான் தெரிந்தது. “அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளில் இருந்தும்” என்று வாசித்தார்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலையில் முதல் பிரச்சினை வேட்டி. பீரோவில் இருந்த நாற்பது வேட்டியும் கரை வேட்டி. அதைக் கட்டினால் “நீக்கியும் வெட்கமில்லாமல் கட்டுகிறான்” என்பார்கள். வெறும் வெள்ளை வேட்டி கட்டினால் கட்சியை விட்டுவிட்டார் என்று அதையே ஆதாரமாகக் காட்டுவார்களோ என்று அவருக்கே பயம். நிஜமாகவே வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, பேன்ட் போடுங்கள் என்றார். அண்ணன் பேன்ட் போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் மெல்லிய சரிகைக் கரை வைத்த வேட்டி நாலு வாங்கி வந்தோம், கல்யாண வீட்டுக்குக் கட்டுவது.

சட்டமன்றத்தில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வராது. பேசுவதற்கு நேரம் கட்சி வாரியாகப் பிரிக்கிறார்கள். கட்சி இல்லாதவருக்கு எல்லாரும் பேசி முடித்த பிறகு, உறுப்பினர்கள் பாதிப் பேர் கேன்டீனில் இருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம். எழுதிக்கொண்டு போன எட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். தொகுதிக்கு ஒரு பாலம் கேட்டுப் பேசப் போனார், பாலத்தின் பெயரைச் சொல்வதற்குள் நேரம் முடிந்தது.

தினமும் அறுபது எழுபது வந்த போன் பத்தாகக் குறைந்தது. வந்த பத்தும் கடன் கொடுத்தவர்கள். தனியாக நிற்பது சுதந்திரம் என்கிற மாதிரி இங்கே நிலவன் எழுதியதைப் படித்தேன். இருக்கலாம். நாங்கள் பார்க்கவில்லை.

நிலவன்77
கடைசி இருக்கை, நன்றி அண்ணே. இதைப் படித்த பிறகு என் முந்தைய பதிவு கொஞ்சம் புத்தக வாசனை அடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் சாட்சிதான். அந்த ஆளையும் தொகுதி மக்கள்தானே அனுப்பினார்கள்? கட்சி நீக்கியதற்குப் பாலம் ஏன் வராமல் போக வேண்டும்?

மழைக்காலம்
உட்காரும் இடம் என்றதும் ஓபிஎஸ் ஞாபகம் வருகிறது. 2022 ஜூலை பொதுக்குழுவில் அதிமுக அவரை நீக்கியது. எதிர்க்கட்சித் துணைத் தலைவர் நாற்காலி அவரிடம்தான் இருந்தது, அதை ஆர்.பி. உதயகுமாருக்குக் கொடுங்கள் என்று கட்சி கேட்டுக்கொண்டே இருந்தது. சபாநாயகர் அப்பாவு இடத்தை மாற்றியது 2024 பிப்ரவரியில். ஒன்றரை வருஷத்துக்கு மேல் எடப்பாடியும் ஓபிஎஸ்ஸும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். விவாகரத்து ஆன பிறகும் ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரி.

இதைவிட அதிசயம் அதே ஆண்டு மக்களவைத் தேர்தல். போடிநாயக்கனூர் அதிமுக எம்எல்ஏவாக ஏட்டில் இருந்துகொண்டே ராமநாதபுரத்தில் சுயேச்சையாகப் பலாப்பழம் சின்னத்தில் நின்றார், அதிமுக வேட்பாளரை எதிர்த்து. அதே ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் வேறு சிலரும் வேட்புமனு போட்டு அவரை மிரட்டினார்கள். இவருக்கு இரண்டாவது இடம், இரட்டை இலைக்கு அதற்கும் கீழே. முடிந்ததும் திரும்பி வந்து எம்எல்ஏவாகவே தொடர்ந்தார். வக்கீல் சார், இது தானாக விடுவதில் வராதா?

பழைய வக்கீல்
வாதிடலாம். 1994-ல் ரவி நாயக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, தானாக விடுவது என்றால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துத்தான் விட வேண்டும் என்பதில்லை, நடத்தையை வைத்தே முடிவு செய்யலாம் என்று. 2017-ல் சரத் யாதவ் பாட்னாவில் எதிர்க்கட்சிகள் நடத்திய பேரணி மேடையில் ஏறினார். கட்சியை விட்டதாக எடுத்துக்கொண்டு மாநிலங்களவைப் பதவியைப் பறித்தார்கள். மேடை ஏறியதற்கே அது என்றால், கட்சி வேட்பாளரை எதிர்த்து நிற்பது எம்மாத்திரம்? ஆனால் சட்டம் தானாக எழுந்து வந்து யார் கழுத்தையும் பிடிக்காது. மனு வேண்டும், மனுவை எடுத்துப் படிக்க ஒரு சபாநாயகர் வேண்டும்.

அரைக்கை சட்டை
அந்த சபாநாயகர் யார்? ஆளுங்கட்சிக்காரர். ஆட்டத்தில் ஒரு அணியின் கேப்டனே அம்பயர். 1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அது பரவாயில்லை, முடிவு வந்த பிறகு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். மற்ற இரண்டு பேர் சபாநாயகரிடம் இந்த அதிகாரம் இருக்கவே கூடாது என்றார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து நம்மூரில் நடந்ததைப் பார்த்தால் அந்த இரண்டு பேருக்குச் சிலை வைக்கலாம்.

2017 பிப்ரவரி 18, நம்பிக்கை வாக்கெடுப்பு. எடப்பாடிக்கு 122, எதிராக 11. எதிர்த்து ஓட்டே போட்ட அந்த 11 பேருக்கும், ஓபிஎஸ் உட்பட, பதவி போகவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் தினகரன் பக்கம் இருந்த 19 பேர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று. எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, வேறு கட்சியில் சேரவில்லை, கட்சியை விட்டோம் என்று சொல்லவும் இல்லை. ஒருவர் திரும்பிப் போனார், மீதி 18 பேரை செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். ஓட்டுப் போட்டவன் உள்ளே, கடுதாசி போட்டவன் வெளியே.

மேகலை_ஆர்
அந்த 18-ல் ஒன்று எங்கள் தொகுதி. எந்தக் கட்சிக்கு என்ன ஆச்சு என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், ஊருக்கு என்ன ஆச்சு என்று யாரும் எழுதவில்லை.

2017 செப்டம்பரில் போன எம்எல்ஏ 2019 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் சரிதான் என்று சொல்லி, அதற்குப் பிறகு தேர்தல் வைத்து... இருபது மாதம். எம்எல்ஏ அலுவலகத்தில் பூட்டு. வாசலில் இருந்த அவர் பெயரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள், மழை பெய்தால் எழுத்து மறுபடி தெரியும்.

எங்கள் அம்மாவின் விதவை உதவித்தொகை அந்தச் சமயத்தில்தான் நின்றுபோனது. ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், எம்எல்ஏ கடிதம் இருந்தால் சீக்கிரம் ஆகும் என்றார்கள். எம்எல்ஏவே இல்லையே சார் என்றேன். “அப்போ எம்பியிடம் போங்கம்மா” என்றார்கள். எம்பி டெல்லியில். அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் மஞ்சள் பையில் பாஸ்புக்கைப் போட்டுக்கொண்டு மனுநீதி நாளுக்குப் போய் வருவார். எட்டு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. எங்கள் எம்எல்ஏ மனசாட்சிப்படி கடிதம் கொடுத்தாரா, ரிசார்ட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்களா, எனக்குத் தெரியாது. அந்தக் கையெழுத்துக்கு அம்மா நடந்த தூரம் தெரியும்.

அரைக்கை சட்டை
மேகலை, மன்னியுங்கள் அக்கா. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதிவிட்டேன்.

பனிமலை
நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கே மாநில சட்டமன்றக்காரர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழாது. கட்சி என்பது வாக்காளர் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம். அதை மாற்றிவிட்டால் முடிந்தது, பதவியை யாரும் தொட முடியாது.

2025 ஏப்ரலில் புளோரிடா செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்த ஜேசன் பிஸோ, சபையிலேயே எழுந்து நின்று இனி நான் எந்தக் கட்சியும் இல்லை என்று அறிவித்தார். கட்சித் தலைவர் பதவி போனது, செனட்டர் பதவி அப்படியே இருந்தது. கலிபோர்னியாவில் சாட் மேயஸ் என்பவர் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்தவர். 2019 டிசம்பரில் கட்சியை விட்டார், 2020 தேர்தலில் கட்சி இல்லாமலே நின்று ஜெயித்தார். எனக்குப் பிடித்தது அலாஸ்கா. நாற்பது பேர் கொண்ட கீழவையில் யாருக்கும் பெரும்பான்மை சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. 2019 பிப்ரவரியில் பிரைஸ் எட்ஜ்மன் ஜனநாயகக் கட்சியை விட்டுக் கட்சியில்லாதவர் ஆனார், சபாநாயகர் ஆகிவிட்டார்! நம்மூரில் சபாநாயகர் பதவியைப் பறிப்பார், அங்கே கட்சியை விட்டவரே சபாநாயகர்.

ஆனால் இங்கே எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். 2023-ல் வட கரோலினாவில் டிரிஷா கோத்தம் ஜனநாயகக் கட்சி ஓட்டில் ஜெயித்துவிட்டு, பதவியேற்ற மூன்றே மாதத்தில் குடியரசுக் கட்சிக்குப் போனார். அவர் ஒருவர் போனதில் அந்தக் கட்சிக்கு ஆளுநர் தடுத்த மசோதாவையும் மீறி நிறைவேற்றும் பலம் வந்துவிட்டது. ஓட்டுப் போட்டவர்கள் வாசலில் நின்று கத்தத்தான் முடிந்தது. அன்றைக்குப் பத்தாவது அட்டவணை எனக்கு இனித்தது.

நிலவன்77
இதைத்தான் கேட்கிறேன். கோத்தம் மாதிரி எதிர்ப்பக்கம் போகிறவரைத் தடுங்கள், பதவியைப் பறியுங்கள். பிஸோ மாதிரி தனியாக நிற்கிறவரை விட்டுவிடுங்கள். சட்டத்தில் ஒரு வரி மாற்றினால் போதுமே?

பழைய வக்கீல்
அந்த ஒரு வரியில் ஒரு லாரி போகும் தம்பி. பெயருக்கு சுயேச்சை, ஓட்டு மட்டும் ஆளுங்கட்சிக்கு. அதை எப்படித் தடுப்பீர்கள்?

கர்நாடகாவைப் பாருங்கள். 2010-ல் ஐந்து சுயேச்சைகள். எடியூரப்பா அரசில் அமைச்சர்களாகவும் இருந்தவர்கள், பிறகு ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். நீங்கள் பாஜகவில் சேர்ந்துவிட்டவர்கள் என்று சொல்லி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அமைச்சரவையில் சேர்வது வேறு, கட்சியில் சேர்வது வேறு. அதாவது சுயேச்சை ஒருவர் மந்திரியாகவே இருக்கலாம், உறுப்பினர் அட்டை மட்டும் வாங்கக் கூடாது. கட்சியை விட்டு வருகிறவருக்கும் இந்தச் சலுகையைக் கொடுத்தால், எல்லாரும் முதல்நாள் சுயேச்சை, மறுநாள் மந்திரி.

ஒருகாலத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து வந்தால் அது தாவல் இல்லை, பிளவு என்று ஒரு ஓட்டை இருந்தது. 2003-ல் 91-வது திருத்தம் அதை அடைத்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் தப்பலாம். தனி ஆளுக்கு வழி கிடையாது, கூட்டமாகப் போனால் ராஜ மரியாதை.

மழைக்காலம்
சுயேச்சைகளின் கதை தலைகீழ் வேடிக்கை. ஜிக்னேஷ் மேவானி 2017-ல் குஜராத்தில் சுயேச்சையாக ஜெயித்தார். 2021-ல் கன்னையா குமார் காங்கிரசில் சேர்ந்த மேடையில் இவரும் இருந்தார், ஆனால் முறைப்படி சேரவில்லை, சேர்ந்தால் பதவி போகும். 2022 தேர்தலில்தான் கை சின்னத்தில் நின்றார்.

நம்மூரில் தினகரன். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2018 மார்ச்சில் மேலூரில் அமமுக தொடங்கினார். சுயேச்சை ஒரு கட்சியில் சேரக்கூடாது என்கிறது சட்டம், தானே ஒன்று தொடங்கினால்? 2021 வரை எம்எல்ஏவாகவே இருந்தார்.

2024-ல் ஹிமாச்சலில் மூன்று சுயேச்சைகள் பாஜகவுக்குப் போக ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தை ஏற்கவே சபாநாயகர் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். விட்டாலும் தப்பு, விடுகிறேன் என்றாலும் விட மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இடைத்தேர்தலில் மூன்று பேரில் ஒருவர்தான் ஜெயித்தார்.

கடைசி இருக்கை
இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. கூட்டணியில் சின்னக் கட்சிக்காரர்கள் பெரிய கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்கள் இல்லையா? 2016-ல் கருணாஸ், தனியரசு, தமீமுன் அன்சாரி மூன்று பேரும் இரட்டை இலையில் ஜெயித்தவர்கள். 2021-ல் மதிமுகவின் நாலு பேரும், வேல்முருகனும் உதயசூரியனில் ஜெயித்தவர்கள். வக்கீல் சார் சொன்ன கணக்குப்படி ஏட்டில் இவர்கள் எல்லாம் சின்னம் கொடுத்த கட்சியின் எம்எல்ஏக்கள். சொந்தக் கட்சிக்குத் தலைவராக இருந்துகொண்டே அடுத்த கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட வேண்டும். வேல்முருகன் சபையில் அரசைக் கேள்வி கேட்டுச் சத்தம் போட்டபோதெல்லாம், அவர் எந்த அளவு வரை போகலாம் என்று அளந்துதான் போனார் என்று எனக்குத் தோன்றியது. உதவியாளர் புத்தி.

டீக்கடை பெஞ்சு
எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் நேர்மையாக வெளியே வர நினைக்கிறவர் என்னதான் செய்ய வேண்டும்?

பழைய வக்கீல்
எம்எல்ஏ பதவியையே ராஜினாமா செய்துவிட்டு, இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று ஜெயித்து வர வேண்டும். அதற்கு எந்தத் தடையும் இல்லை. தகுதி நீக்கம் ஆனவர்கூட உடனே நிற்கலாம். 2019-ல் கர்நாடகாவில் 17 பேரை, சட்டமன்றக் காலம் முடியும்வரை நிற்கக்கூடாது என்று சபாநாயகர் உத்தரவு போட்டார். நீக்கம் சரி, நிற்கக்கூடாது என்று சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்த டிசம்பரில் நடந்த 15 இடைத்தேர்தலில் 12-ல் பாஜக ஜெயித்தது, பெரும்பாலும் அதே ஆட்கள்.

ஆனால் கவனித்தீர்களா, ராஜினாமா செய்கிறவர்கள் சுயேச்சையாக நிற்பதில்லை. விஜயதரணி 2024-ல் விளவங்கோடு பதவியை விட்டது பாஜகவில் சேர. கட்சியை விட்டு வந்து, தனியாக நின்று, அதே தொகுதியில் ஜெயித்துக் காட்டிய தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருவரைச் சொல்லுங்கள் என்று என் ஜூனியர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிலவன்77
அந்த ராஜினாமா வழியைத்தான் நான் ஏற்க மாட்டேன் சார். மேகலை அக்கா எழுதியதைப் படித்தீர்கள் இல்லையா? ராஜினாமா என்றாலும் தொகுதிக்கு ஆள் இல்லை, தகுதி நீக்கம் என்றாலும் ஆள் இல்லை. ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் என்று சட்டம் இருக்கிறது. வழக்கு ஓடினால் ஆறு மாதம் இருபது மாதம் ஆகிறது. சுயேச்சையாக உட்கார விட்டால் குறைந்தபட்சம் கையெழுத்துப் போட ஒருவராவது இருப்பார்.

மேகலை_ஆர்
அந்தக் கையெழுத்தை வாங்க அம்மா போயிருந்தால், நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டிருப்பார்கள் தம்பி. அது சுயேச்சையாக இருந்தாலும் கேட்பார்கள். ஆனாலும் நீங்கள் சொல்வதுதான் சரி. பூட்டைவிட அது மேல்.

அரைக்கை சட்டை
எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மேகலை அக்காவோடு சண்டை போட மாட்டேன். சபாநாயகர் முடிவுக்கு மூன்று மாதக் கெடு என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். 2025-ல் தெலங்கானா சபாநாயகருக்கும் அதே மூன்று மாதத்தை மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

டீக்கடை பெஞ்சு
பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டேன். கரை வேட்டிக் கதைக்கு இரண்டு தடவை சிரித்தார். மேகலை அக்கா எழுதியதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பந்தயம் பற்றிக் கேட்டதற்கு, “நீக்கினார்களா விலகினாரா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு” என்று இருநூற்றைம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். மீதி இருநூற்றைம்பது நான் “அன்றே” என்று சொன்னதற்காகப் பிடித்துக்கொண்டாராம்.

கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னார். கவுன்சிலருக்கும் இந்தச் சட்டம் உண்டா?

பழைய வக்கீல்
பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டும்தான். உள்ளாட்சிக்கு வராது. கேரளத்தில் 1999-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம்மூரில் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அங்கே தாவ மரமே இல்லை. மாநகராட்சி கதை பெரிது, அதற்குத் தனி இழை போடுங்கள். பெரியப்பாவிடம் இந்தத் தடவை பந்தயம் கட்டுவதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள்.